இன்றைக்கு எந்தக் கடல்?

என் தங்கை அசூந்தாவின் புருஷன் ஒரோன்சோ மேல் எனக்குச் சந்தேகம் வந்தது போன ஜூலை மாதத்தில். அதற்கு முன்னாலும் நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. முப்பத்தொரு வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவள். உள்ளே துணிதான் இருக்கிறது என்று மாதா மேல் சத்தியம் செய்துவிட்டு, நாறுகிற பாலாடைக்கட்டியைப் பார்சல் செய்து மகனுக்கு அனுப்புகிற தாய்மார்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆனால் காற்று விஷயத்தில் மட்டும் ஒரோன்சோவை ஊரே நம்பியது. நானும் நம்பித் தொலைத்தேன்.

எங்கள் ஊர் மாலியே கிழக்குக் கடலுக்கும் மேற்குக் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. தெற்கத்திக் காற்று அடித்தால் கிழக்கே ஒத்ராந்தோ பக்கம் போக வேண்டும். அன்றைக்குக் கிழக்குக் கடல் தொட்டித் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடக்கும். வடக்கிலிருந்து வாடை அடித்தால் மேற்கே, கல்லிப்போலி பக்கம். மாற்றிப் போனவன் குடை பறந்து, சாப்பாட்டில் மணல் விழுந்து, வாயெல்லாம் உப்போடு மதியத்துக்குள் வீடு திரும்புவான். அப்புறம் ஒரு வாரம் அவன் தெருவில் தலைகாட்ட முடியாது. அதனால் கோடைக்காலத்தில் காபி குடிப்பதற்கு முன்னால் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். இன்றைக்கு எந்தக் கடல்?

அதற்குப் பதில் சொல்கிறவன் ஒரோன்சோ. அவன் அப்பா கல் குவாரியில் தூசி தின்றே செத்தவர். மகன் அந்தப் பக்கமே போகவில்லை. இருபத்தி மூன்று வயதில் பஸ் ஓட்ட உட்கார்ந்தான். முப்பத்தி நாலு வருஷம் ஒரே வழித்தடம்: மாலியேயிலிருந்து ஒத்ராந்தோ, ஒத்ராந்தோவிலிருந்து மாலியே. எந்த வளைவில் ஒலிவமரம் சாலைக்குள் தலையை நீட்டும், எந்த வீட்டு நாய் குறுக்கே ஓடும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. என் தங்கையைப் பிடித்ததும் அந்த பஸ்ஸில்தான். அவள் இறங்குகிற இடத்தில் மட்டும் வண்டி கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கிறதே என்று முதலில் கவனித்தவள் நான்.

ஓய்வு பெற்ற பிறகு தினமும் காலை ஏழு மணிக்கு உள்பனியனோடு, நாங்கள் மூவரும் சேர்ந்திருக்கிற வீட்டின் மொட்டை மாடிக்கு வருவான். கையில் காபிக் கோப்பை இருக்கும். முகத்தை நாலா பக்கமும் திருப்புவான். கொடியில் காயும் என் துணிகளைப் பார்ப்பான். கீழே முடிதிருத்துகிற பிரீமோ தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பான். "தெற்கத்தி! கிழக்கே போங்க!" என்று இவன் சொன்னால் ஊரில் பாதிக் கார்கள் கிழக்கே திரும்பும்.

ஜூலையில் ஒருநாள் இப்படித்தான் தெற்கத்தி என்றான். என் படுக்கை விரிப்புகள் தெற்கே பார்த்துப் பறந்துகொண்டிருந்தன. தெற்கத்தி அடித்தால் அடுப்படித் தரை வியர்க்கும், உப்பு ஜாடிக்குள் கட்டி தட்டிப்போகும். அன்றைக்குத் தரை காய்ந்து கிடந்தது, உப்பு பொலபொலவென்று கொட்டியது. சந்தேகமில்லாத வாடை. ஆனாலும் கிழக்கே போனோம், அலையில் அடிபட்டுத் திரும்பினோம். அடுத்த வாரமும் அதே கதை. மூன்றாவது முறை பிரீமோ கம்பி முறிந்த குடையோடு வந்து வாசலில் நின்று கத்தினான்.

"யோவ் ஒரோன்சோ, மூக்கு அடைச்சுப் போச்சா உனக்கு? என் மாமியார் மணலத் தின்னுட்டு வந்திருக்கா!"

"உன் மாமியார் வாய மூடினதுக்கு எனக்குல்ல நீ காபி வாங்கித் தரணும்" என்றான் இவன். சிரித்தான். ஆனால் அடுத்த நாளும் கிழக்கேதான்.

காற்று வடக்கே அடித்தாலும் தெற்கே அடித்தாலும் ஒருத்தன் கிழக்கேயே போகிறான் என்றால் கிழக்கே யாரோ இருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்கத் தபால் ஆபீஸ் அனுபவம் தேவையில்லை. ஒத்ராந்தோவுக்குப் பக்கத்தில், நாங்கள் போகிற அலிமினி கடற்கரையில் மரப்பலகைக் கடை ஒன்று உண்டு. அதை நடத்துகிறவள் நூன்சியா, புருஷனில்லாதவள், சிரிக்கும்போது தோளும் சேர்ந்து சிரிக்கும். ஐஸ் போட்டு, பாதாம் பால் விட்ட காபி ஒன்று குடிக்க ஒரோன்சோவுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நான் குடையடியில் படுத்துக்கொண்டு, தொப்பிக்குள்ளிருந்து கவனித்தேன்.

என் தங்கையோ எதையும் கவனிக்கவில்லை. அவளுக்கு அந்தக் கோடையில் வேறொரு வியாதி வந்திருந்தது. காரில் ஏறினால் இறங்குகிறவரை வாய் ஓயாது. "அந்த லாரியப் பாருங்க, நம்ம பக்கமா ஒட்டிக்கிட்டே வர்றான், மடப்பய. சிக்னல் செவப்புலயே நிக்குது பாருங்க, இந்த ஊரு உருப்படுமா? ஐயோ, கிழவி ஒருத்தி ரோட்டத் தாண்டுறா, என்ன அழகா பாவாடை கட்டியிருக்கா!" பின் சீட்டில் எனக்குக் காது வலிக்கும். "கொஞ்சம் வாய மூடேன்டி, அந்த மனுஷன் வண்டி ஓட்ட வேண்டாமா?" என்பேன். அவள் அடுத்த லாரியைப் பற்றிச் சொல்வாள். இப்படித் தொணதொணத்தால் எந்தப் புருஷன்தான் நூன்சியாவைத் தேடிப் போகமாட்டான் என்றுகூட நினைத்தேன். நினைத்ததை ஒப்புக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி கையும் களவுமாகப் பிடித்தேன். கடைப் பலகையில் இரண்டு தலைகளும் ஒட்டினாற்போல் குனிந்திருந்தன. நூன்சியா ஒரு காகிதத்தை மெல்லிய குரலில் வாசித்தாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். வீடு திரும்பி அவன் குளிக்கப் போனதும் அந்தப் பையில் கையை விட்டேன். வெட்கமா? எனக்கா?

காதல் கடிதமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது கண் ஆஸ்பத்திரிக் கடிதம். இரண்டு கண்ணிலும் நேரே பார்க்கும் நடுப்பார்வை மங்கிவிட்டது, மே மாதம் எழுதியபடி இனி வண்டி ஓட்டக் கூடாது, மறுபரிசோதனைக்கு வரவும் என்று எழுதியிருந்தது. அதைத்தான் நூன்சியா அவனுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

அடுப்படிக்கு ஓடினேன். அசூந்தா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இதப் படிடி."

அவள் காகிதத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள், கத்தி நிற்கவில்லை. "இது புதுசு. மே மாசக் கடிதத்த அப்பவே படிச்சிட்டேன். சட்டைப் பைய நீ மட்டும்தான் தேடுவியா அக்கா?"

"தெரிஞ்சுக்கிட்டேவா அந்த வண்டியில ஏறுன? என்னையும் ஏத்துன?"

"நான்தான் பேசிக்கிட்டே வர்றேன்ல. செவப்புன்னா செவப்புன்னு சொல்றேன். லாரி வந்தா லாரின்னு சொல்றேன். நீதான் வாய மூடு, வாய மூடுன்னு திட்டுவ. கிழக்கு ரோடு அவருக்கு மனப்பாடம். மேற்கு ரோட்டுல அவரால முடியாது. அதான் தினமும் தெற்கத்தி."

அவ்வளவு நாளும் நான் யாரைச் சந்தேகப்பட்டேன், யாரைத் திட்டினேன் என்று நினைக்க வெட்கம் வந்தது. அதற்கு மேல் கோபம் வந்தது.

"உனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா அன்னைக்கே மூலையில உக்காந்துருவார்."

"நாளான்னைக்குத் தூரின்லேர்ந்து உன் பேரப்பிள்ளைங்க வருதுங்க. பதினஞ்சாம் தேதி திருநாளன்னைக்குப் பின் சீட்டுல அதுங்கள ஏத்திக்கிட்டு, நீ செவப்பு பச்சைன்னு பாட்டுப் பாடிக்கிட்டே போவியா?"

கத்தி நின்றது. "அவரே சொல்லட்டும் அக்கா. பதினஞ்சாம் தேதி காலைவரைக்கும் பொறு."

பொறுத்தேன். இரண்டு நாளும் எனக்கு முதுகுவலி, அவளுக்குத் தலைவலி என்று சாக்குச் சொன்னோம். யாரும் கடலுக்குப் போகவில்லை. பதினான்காம் தேதி பிள்ளைகள் வந்தார்கள். பேத்தி மார்த்தா தான் வரைந்த படத்தைத் தாத்தாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"என்னன்னு சொல்லு பாப்போம்?"

"அடேயப்பா, எவ்வளவு பெரிய கப்பல்!"

"பஸ்ஸு தாத்தா! உன் பஸ்ஸு!" அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், தாத்தா வேண்டுமென்றே விளையாடுகிறார் என்று. அவனும் சிரித்தான். அன்றைக்கு முழுக்க அந்தக் காகிதத்தைக் கையிலேயே வைத்திருந்தான்.

பதினைந்தாம் தேதி மாதா விண்ணேற்புத் திருநாள். அன்றைக்குக் கடலுக்குப் போகாதவனை எங்கள் ஊரில் நோயாளி என்பார்கள். காலை ஏழு மணிக்கே கீழே மூன்று குடும்பங்கள் தயார். கத்தரிக்காய்த் தட்டு, தர்ப்பூசணி, குடை, பிரீமோவின் மாமியார் எல்லாம் தெருவுக்கு வந்துவிட்டன. மாடியில் நான் விரிப்புகளைக் கொடியில் மாட்டிக்கொண்டிருந்தேன். வாடை பிய்த்து எறிந்தது. ஒரோன்சோ வந்தான். தெற்கத்தி என்று மட்டும் சொல்லட்டும், கடிதத்தை மாடியிலிருந்தே உரக்கப் படித்துவிடுவது என்று இருந்தேன். நகலெடுத்து இடுப்பில் செருகியிருந்தேன்.

ஈர விரிப்பு ஒன்று அவன் முகத்தில் அறைந்தது. அதைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மதினி, உப்பு கொட்டுதா?"

"பொலபொலன்னு கொட்டுது."

கைப்பிடிச் சுவர்வரை தடவிப் போனான். கீழே எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன.

"வாடை! மேற்கே போங்க!"

"இந்த வருஷத்துல இன்னைக்குத்தான்யா வாயில உண்மை வருது!" என்று பிரீமோ கத்தினான். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரோன்சோ என் பக்கம் திரும்பிக் கார் சாவியை நீட்டினான். என் கைக்கு ஒரு சாண் தள்ளி நீட்டினான்.

"கல்லிப்போலி ரோடு எனக்கு முடியாது மதினி. நீங்க ஓட்டுங்க."

தபால் ஆபீஸ் நாளிலிருந்தே எனக்குக் கார் ஓட்டத் தெரியும். "முன்னாடி உக்காரு. ஆனா எனக்கு வழி சொல்லிக் குடுக்கிற வேலையெல்லாம் வெச்சுக்காத" என்று சாவியைப் பிடுங்கினேன்.

பின் சீட்டில் பிள்ளைகளுக்கு நடுவில் அசூந்தா. முதல் சிக்னலில் "செவ..." என்று ஆரம்பித்தாள். "எனக்குத் தெரியுதுடி" என்றேன். அதோடு அவள் நிறுத்திவிட்டாள். ஊர் எல்லை தாண்டி, ஒலிவத் தோப்புகள் வந்தும் பின்னால் சத்தமே இல்லை.

"அசூந்தா ஏன் பேசவே மாட்டேங்குறா?" என்று ஒரோன்சோ தாழ்ந்த குரலில் கேட்டான்.

கண்ணாடியில் பார்த்தேன். வாயைப் பிளந்து, மார்த்தாவின் தோளில் சாய்ந்திருந்தாள். "தூங்குறா."

அவன் தன் பக்கத்து ஜன்னலை ஏற்றினான்.

"தூங்கட்டும்" என்றான். "பாவம், மே மாசத்துலேர்ந்து எனக்காகப் பேசிப் பேசிக் களைச்சுப் போயிருக்கா."