இறக்க மறந்த கூண்டும் விசில் ஏட்டய்யாவும்

1. முதல் நாள் பாடம்

எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் சிக்னல்மேனாகச் சேர்ந்தேன். வானிலை ஆபீஸிலிருந்து தந்தி வந்தால் கொடிமரத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டை ஏற்ற வேண்டும். இறக்கச் சொல்லித் தந்தி வந்தால் இறக்க வேண்டும். இரண்டையும் ரிஜிஸ்டரில் நேரம் போட்டு எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

என் சீனியர் செல்லையா அண்ணாச்சி முதல் நாளே சொல்லிவிட்டார்: “ஏலே, கூண்டை ஏத்தப் பிந்துனா உசுரு போவும். எறக்கப் பிந்துனா கரையில அடுப்பு எரியாது. ரெண்டும் பாவம்தான், பாத்துக்க.”

முதல் பாவத்தை நான் செய்ததில்லை. இரண்டாவதை ஒரே ஒரு தடவை செய்தேன்.

2. விசில்

கூண்டு ஏறி நான் ரிஜிஸ்டரை மூடுவதற்குள் பக்கத்து மீனவர் பகுதியான திரேஸ்புரம் கரையில் விசில் சத்தம் கேட்கும். அது போலீஸ் ஏட்டு கருப்பசாமி. விளாத்திகுளத்துக் கரிசல்காட்டுக்காரர். நீச்சல் சுத்தமாகத் தெரியாது. ஆனால் கூண்டு ஏறிவிட்டால் ஒரு வள்ளமும் கடலுக்குப் போகக் கூடாது என்று கரையில் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவார்.

“ஏட்டய்யா, ஒங்க ஊர்ல மழை பெஞ்சாலே அதிசயம். கடலைப் பத்தி ஒங்களுக்கு என்ன தெரியும்?” என்று சீண்டுவார் சூசை அண்ணாச்சி. திரேஸ்புரத்தில் மூன்று வள்ளத்துக்குச் சொந்தக்காரர்.

“எனக்குக் கடலு தெரியாதுவே. கூண்டு தெரியும். அது மேல இருக்க மட்டும் நீரு கரையில இரும்.”

ஏட்டய்யா முதுகைத் திருப்பியதும் இரண்டு வள்ளம் நழுவிவிடும். அப்புறம் என்னிடம் வந்து தேநீர் குடித்தபடி புலம்புவார்: “தம்பி, ஒன் கூண்டையும் என் விசிலையும் இந்த ஊர்ல ஒரு பய மதிக்க மாட்டேங்கான்.”

ஒரு கார்த்திகையில் பெரிய புயல் வந்தது. அப்படி நழுவிப் போன சூசை அண்ணாச்சியின் வள்ளம் ஒன்று, மூன்று பேருடன் கரைக்கு எட்டாமல் அலையில் உருண்டது. அவர்கள் வீசிய கயிறு பாதி வழியிலேயே தண்ணீரில் விழுந்தது. ஏட்டய்யா கழுத்தளவு இறங்கி, கயிற்றைப் பிடித்துக் கரையில் நின்றவர்களிடம் எறிந்துவிட்டார். மூன்று பேரும் பிழைத்தார்கள். அவரைத்தான் அடுத்த அலை கொண்டு போய்விட்டது. மறுநாள் மாலை உடல் ஒதுங்கியது. நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

3. வண்டி வருது!

அதற்கு அடுத்த நாள் காலை உடலைப் போலீஸ் வண்டியில் விளாத்திகுளத்துக்குக் கொண்டு போவதாக ஏற்பாடு. ஏட்டய்யாவின் மனைவி ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்: “அவுக நின்ன கரைய ஒருதரம் பாத்துட்டுப் போவணும்.”

இன்ஸ்பெக்டர் தயங்கினார். எனக்கும் அதே பயம். நாலு நாளாக அடுப்பு எரியாத ஊர். கூண்டு இறங்கிய நிமிடம் அத்தனை வள்ளமும் கிளம்பிவிடும். வெறும் மணலையா அந்த அம்மாவுக்குக் காட்டுவது?

ஏழு மணிக்குத் தந்தி வந்தது, கூண்டை இறக்கச் சொல்லி. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு கொடிமரத்தை நோக்கி நடக்கிறேன், கீழே ஒரு கான்ஸ்டபிள் கத்தினார்: “வண்டி பொறப்பட்டாச்சு! திரேஸ்புரம் வழியாத்தான் வருது!”

அவ்வளவுதான்! தந்தி சட்டைப் பையில், நான் சைக்கிளில். மிதித்த மிதியில் செருப்பு ஒன்று எங்கோ போய்விட்டது.

கரைக்குப் போய்ப் பார்த்தால் ஊரே நிற்கிறது! பாதையின் இரண்டு பக்கமும் ஆண்கள், ஒவ்வொருவர் கையிலும் துடுப்பு, போலீஸ்காரர்கள் துப்பாக்கி பிடிப்பது போல நெஞ்சுக்கு நேராக. எல்லாருக்கும் முன்னால் நின்றது, பிழைத்து வந்த அந்த மூன்று பேர். வண்டி வந்து நின்றதும் சூசை அண்ணாச்சி குரல் கொடுத்தார்: “ஏட்டய்யாவுக்கு!” அத்தனை துடுப்பும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அந்த அம்மா இறங்கிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என்னிடம் கேட்டார்: “இம்புட்டுச் சனமும் அவுகளுக்காகவா வந்துருக்கு?”

“ஆமாம்மா” என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் கொடிமரம் கண்ணில் பட்டது. கூண்டு அப்படியே தொங்குகிறது! இவர்கள் ஏட்டய்யாவுக்காக நிற்கிறார்களா, என் மறதியால் நிற்கிறார்களா? நான் வாயைத் திறக்குமுன் அந்த அம்மாவை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பிவிட்டது.

சூசை அண்ணாச்சியிடம் ஓடித் தந்தியை நீட்டினேன். “அண்ணாச்சி, ஏழு மணிக்கே எறக்கியிருக்கணும். மறந்துட்டேன். ஒங்க எல்லாருக்கும் ஒருநாள் மீன்பாடு போச்சு.”

அவர் அதை வாங்கவே இல்லை. “ஏலே, காத்து மாறுனது விடியுமுன்னயே எங்களுக்குத் தெரியும். ஒன் கூண்டைப் பாத்தா நாங்க என்னைக்குக் கடலுக்குப் போனோம்? அந்த மனுசன் உசுரோட இருக்கையில அவரு பேச்சுக்கு நாங்க ஒருநாளும் அடங்கலை. இன்னைக்கு நீ எறக்குனாலும் ஒரு வள்ளமும் எறங்காதுன்னு நேத்தே பேசிட்டோம்.” துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மறுபடி சைக்கிள்! ரயில்வே கேட் மூடியிருந்தது, என் நல்ல காலம். வண்டி அங்கே நின்றது. மூச்சு வாங்க ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: “ஆமாம்மா. அத்தனை பேரும் அவருக்காகத்தான்.” அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

4. மெமோ

கூண்டை இறக்கும்போது மணி எட்டே முக்கால். ரிஜிஸ்டரில் உண்மை நேரத்தையே எழுதினேன். காரணம்: மறதி. மெமோ வந்தது, வாங்கிக்கொண்டேன். “ஊரு ஒன்னய மன்னிச்சிட்டு. ரிஜிஸ்டரு மன்னிக்காதுலே” என்றார் செல்லையா அண்ணாச்சி. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். தந்தி கைக்கு வந்தால் முதலில் கயிறு, பிறகு சைக்கிள்.

அடுத்த மாதமே மறுபடி கூண்டு ஏற்ற வேண்டி வந்தது. ஏட்டய்யா இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. நேரம் எழுதி ரிஜிஸ்டரை மூடப் போனேன், திரேஸ்புரம் கரையில் விசில் சத்தம்! ஜன்னலைத் திறந்தேன். சூசை அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரை நெடுக ஊதிக்கொண்டே ஓடினார்.