லிஃப்ட் இல்லாத நீதிமன்றம்

இன்று பக்கத்து வீட்டு மேரி அக்காவுக்கு மொழிபெயர்க்க, ஜெர்மனியில் எங்கள் ஊர் நீதிமன்றத்துக்குப் போனேன். தன் மகள் குடிவரப் போகிறாள், அக்கா வெளியேற வேண்டும் என்று வீட்டுக்காரர் வழக்குப் போட்டிருந்தார்.

அழகான பழைய கட்டடம். விசாரணை இரண்டாம் மாடியில். அக்கா சக்கர நாற்காலியில்.

"புராதனச் சின்னமாகப் பாதுகாக்கப்பட்ட கட்டடம், லிஃப்ட் போட முடியாது. வக்கீல் மட்டும் மேலே போனால் போதும்" என்றார் வாசல் காவலர்.

அக்கா பிரேக்கைப் போட்டார்.

"என்ரை வீட்டைப் பற்றி நான் இல்லாமல் கதைக்க ஏலாது தம்பி. இதிலயேதான் இருப்பன் எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். காவலர் மேலே போனார். சற்று நேரத்தில் கறுப்பு அங்கியோடு நீதிபதியம்மாவே இறங்கி வந்தார். பின்னால் வக்கீல்களும் வீட்டுக்காரரும்.

கீழ்க் கூடத்திலேயே விசாரணை தொடங்கியது. அக்கா என்னைக் கையமர்த்திவிட்டு, தன் ஜெர்மனிலேயே வீட்டுக்காரரிடம் கேட்டார்: "அந்த வீட்டுக்குக் குடிவரும் எண்ணமே இல்லை என்று உங்கள் மகள் என்னிடம் சொன்னாள். பொய் என்றால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்."

அவர் நிலத்தைப் பார்த்தார். வக்கீலோடு குசுகுசுத்தார். பிறகு வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

வீடு திரும்பியதும் அக்கா குசினி யன்னலை அகலத் திறந்துவிட்டு மீன் பொரிக்கிறார். வாசம் மேலே போகிறது; வீட்டுக்காரர் இருப்பது நேர் மேல்மாடியில்.

நிறையப் பொரித்திருக்கிறார். யார் யார் வருகிறீர்கள்?