ஈய நாக்கு

நீங்கள் தின்னும் மீனைப் பிடித்த வலையில், ஈயக் குண்டுகளை யார் பல்லால் கடித்து மூடியது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? கொச்சியின் சுள்ளிக்கல்லில் சந்தனமாரி ஒன்றை நறுக்கென்று கடித்துக் கயிற்றில் இறுக்கிவிட்டு, அடுத்ததை வாயில் வைப்பாள். "பல்லு இருக்கையில குறடு எதுக்கு?" என்பாள்.

கோவில்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். மட்டாஞ்சேரி வியாபாரி ஒருவன் பழைய கார் பேட்டரித் தகடுகளைச் சாக்கில் அனுப்புவான். சோறு வடித்த அடுப்பிலேயே இரும்புச் சட்டியை ஏற்றி, ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றுவாள். புகை அந்த ஒற்றை அறையைச் சுற்றிவிட்டுத்தான் வெளியே போகும். மகள் மாயம்மாள் சட்டியோரச் சாம்பலைத் தொட்டு நக்கிக்கொண்டு பக்கத்திலேயே இருப்பாள். அது லேசாக இனிக்கும்.

ம்மா, சாயா, காக்கா. ஒன்றரை வயதில் அந்தப் பிள்ளையிடம் மூன்று சொற்கள் இருந்தன. நாலு வயதில் ஒன்றுகூட இல்லை.

"ஒரு தடவ 'ம்மா'ன்னுட்டா போதும். அதுக்கப்புறம் பேசாட்டியும் போவுது" என்று ஏங்குவாள் சந்தனமாரி.

அவள் ஊரில் கண் நோவுக்கு வெள்ளிக் கண்ணும் பேச்சுக்கு வெள்ளி நாக்கும் அம்மனுக்கு நேர்ந்துகொள்வார்கள். வெள்ளிக்கு வழியில்லை. கையிலிருந்த ஈயத்தில் சின்னதாக ஒரு நாக்கு வார்த்து, பங்குனித் திருவிழா வரும்வரை இருக்கட்டுமென்று பிள்ளையின் கழுத்தில் கட்டினாள். ஐந்து மாதம் அதைச் சப்பிக்கொண்டே கிடந்தது பிள்ளை.

பால்வாடி டீச்சர் கமலாக்ஷிதான் இருவரையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். பிள்ளையின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது.

"எந்தா மாரி, விஷத்தையா குட்டி கழுத்துல கெட்டினே?"

"விஷமா? பத்து வருசமா கடிக்கேன் சேச்சி, செத்தா போனேன்?"

"நீ வளர்ந்து முடிஞ்சவ, ஒன் நாக்கே முழ நீளம். அவளோட மூளை இப்பல்லே வளருது? வளருற மூளையைத்தான் ஈயம் திங்கும்."

அம்மன் சொல்லாததைக் கொஞ்சம் ரத்தம் சொல்லிவிட்டது. அன்றே பிள்ளையின் கழுத்துக் கயிற்றை அறுத்தாள் சந்தனமாரி. இப்போது கிடங்கொன்றில் இஞ்சி பொறுக்குகிறாள். அவள் விட்ட அச்சு மறுவாரமே எதிர்வீட்டுக்குப் போயிற்று. அங்கே தொட்டில் கட்டியிருக்கிறது. ஓடிப்போய் எச்சரித்தாள். "நீ பத்து வருசம் கடிச்சியே, செத்தா போன?" என்று சிரித்தாள் அந்த வீட்டுக்காரி.

மாலையில் வேலையிலிருந்து வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாள் சந்தனமாரி. பிறகு மகளின் உள்ளங்கையைத் தன் தொண்டையில் வைத்து, "ம்மா" என்பாள். அதே கையைப் பிள்ளையின் தொண்டைக்கு மாற்றிவிட்டு, அதன் உதட்டையே பார்த்திருப்பாள். உதடுகள் சேரும். சத்தம் வராது. கையை மறுபடி தன் தொண்டைக்குக் கொண்டுவருவாள்.

உங்கள் பழைய பேட்டரியை விற்கும்போது, அது எந்தப் பிள்ளை வீட்டு அடுப்புக்குப் போகிறது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விற்காதீர்கள்.