ரூக்சாரின் கட்டைவிரல்

அஸ்தினாபுரத்தில் கல்யாணப் பெண்ணுக்கு மெஹந்தி போட வேண்டுமென்றால் முதலில் ரூக்சாரைத்தான் கேட்பார்கள். இருபத்து நான்கு வயது. கோடு இழுத்தால் பிசிறே இருக்காது. அப்படிப்பட்டவளின் கையிலிருந்து ஒரு நிச்சயதார்த்த வீட்டில் மெஹந்திக் கோன் நழுவி, பெண்ணின் பட்டுப்புடவையில் விழுந்தது. வலது கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை சுரீரென்று ஒரு வலி.

அதன்பின் தண்ணீர் பாட்டிலின் மூடியைக்கூடத் திருக முடியவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. பெரியம்மாவுக்கு முப்பது வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயிருந்தன. தனக்கும் அதுதான் என்று முடிவே கட்டிவிட்டாள். பயத்தை மறக்க, படுத்துக்கொண்டு போனில் ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் அம்மா பஷீரா கவனித்துவிட்டாள்.

"என்னடி, ரசம் சோத்தைப் போய் ஸ்பூன்ல சாப்பிடுற? கையைக் காட்டு."

அன்று மாலையே இரும்புலியூரில் டாக்டர் ஹேமாவதியின் கிளினிக்குக்குப் போனார்கள். கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் மூடச் சொல்லி, மணிக்கட்டை மெல்லக் கீழே சாய்த்தார் டாக்டர். ரூக்சார் கத்தியே விட்டாள்.

"போனை எந்தக் கையில பிடிப்பம்மா?"

"இதுலதான் மேடம். டிசைன் பார்ப்பேன்."

"தினமும் எவ்வளவு நேரம்?"

அம்மா பக்கம் திரும்பாமலே ரூக்சார் சொன்னாள். "ஏழெட்டு மணி நேரம் ஆயிடும்."

பெரியம்மாவின் முடக்குவாதத்தையும் சொல்லிவிட்டாள். டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டு நாளில் வந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்.

"உங்க பெரியம்மாவுக்கு வந்தது உனக்கு இல்லம்மா. கட்டைவிரல் தசைநாரைச் சுத்தி வீக்கம், அவ்வளவுதான். கோன் பிடிக்கிறதும் ஒரு காரணம். ஆனா அது வாரத்துக்கு ரெண்டு நாள். போன் தினமும்தானே? ஓய்வு குடுத்தா சரியாயிடும்."

வெளியே வந்ததும் ரூக்சார் ஆட்டோ ஸ்டாண்டிலேயே நின்று அழுதாள்.

"நல்லதுதானே சொன்னாங்க, எதுக்குடி அழற?"

"அதான்மா அழறேன்."

மூன்று வாரம் கட்டைவிரல் அசையாமலிருக்கக் கையில் பட்டை. வந்த ஆர்டர்களைத் தோழி தனத்துக்குக் கொடுத்தாள். முதல் சில நாள் கை தானாகப் போனைத் தேடி ஓடியது. அம்மாவே அதை வாங்கி பீரோவில் வைத்தாள். பிறகு போன் பேசுவதற்கு மட்டும் என்றானது. வலி ஒரேயடியாகப் போகவில்லை, நாளுக்கு நாள் குறைந்தது.

ஆறாவது வாரம் கூடுவாஞ்சேரியில் ஒரு கல்யாணம். அரை மணிக்கொரு தரம் கோனைக் கீழே வைத்துக் கையை நீட்டி மடக்கினாள். முழங்கை வரை இரண்டு கைக்கும் போட்டு முடித்தபோது விரல் கொஞ்சம் களைத்திருந்தது, வலிக்கவில்லை. பெண்ணின் தங்கை வந்து உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டினாள்.

"எனக்கும் போடுவீங்களாக்கா?"

"ஓ, போடலாமே. ஒரு டீ குடிச்சிட்டு வரேன்."