காதுக்காரரும் இரண்டு கார்களும்

முதலில் காரின் கூரையை மடக்குகிறார். பிறகு செருப்பைக் கழற்றிக் கதவோரமாக விட்டுவிட்டு, இருக்கையில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினைக் கிளப்புகிறார். கிளப்பியதும் புறப்பட்டுவிட மாட்டார். "இருங்க, முதல்ல அது பேசட்டும். நாம அப்புறம் பேசலாம்" என்பார், பக்கத்தில் ஆளே இல்லாவிட்டாலும். கழற்றிய செருப்பை மறந்துவிட்டு வெறுங்காலோடு ஊர் சுற்றி வந்த நாட்களும் உண்டு.

கார் பத்திரிகை ஒன்றில் விமர்சனம் எழுதுவது அவர் வேலை. அலுவலகத்தில் காதுக்காரர் என்றால்தான் தெரியும். மற்றவர்கள் குதிரைத்திறன், வேகம் என்று அட்டவணை போட்டு மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, இவர் மூன்றாவது மாடி ஜன்னலில் தேநீரோடு நின்று, தெருவில் போகிற வண்டியைப் பார்க்காமலே பெயர் சொல்வார். பெல்ட் தேய்ந்திருந்தால் அதையும் சொல்வார். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், ஒன்றிலாவது தலைக்கனம் இல்லாமல் மனிதன் எப்படித்தான் காலம் தள்ளுவது? ஆனால் சில மாதங்களாக அவர் ஜன்னல் பக்கம் அவ்வளவாகப் போவதில்லை. "இப்ப வர்றதெல்லாம் ஊமை வண்டிங்க" என்று அலுத்துக்கொள்கிறார்.

அவருடைய இன்னொரு அளவுகோல் மனைவி. பல் மருத்துவமனையின் வரவேற்பறையில் வாரம் முழுவதும் வீங்கிய கன்னங்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவள். விடுமுறை என்றால் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் ஏறிவிடுவாள். தெருமுனை தாண்டுவதற்குள் அவள் தூங்கிவிட்டால் 'சொகுசான வண்டி' என்று எழுதுவார். தூங்காவிட்டால் 'உயிர்ப்புள்ள வண்டி'. வாசகர்களுக்கு இந்தச் சங்கதி தெரியாது.

இந்த மாதம் அவருக்குப் பெரிய வேலை. கூரை மடங்கும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் புதிய தலைமுறை வந்திருக்கிறது. அதையும் பழையதையும் ஒப்பிட்டு எழுத வேண்டும். புதியதை நிறுவனம் கொடுத்தது. பழையது மனைவியின் முதலாளியான பல் டாக்டருடையது. அந்தப் பழையது வெளிவந்த காலத்தில் அதன் குரலைப் பற்றி எழுதித்தான் இவர் காதுக்காரர் ஆனார். மலைச்சாலையில் சின்னக் குகைப்பாதை ஒன்று இருக்கிறது. கூரையில்லாமல் அதற்குள் நுழைந்தால், எஞ்சின் விட்ட குரல் சுவரெல்லாம் தட்டிவிட்டுத் தலைக்கு மேலே வந்து கூடும். "விருந்தாளிங்க நிறைஞ்ச வீட்டுல எல்லாரும் ஒரே நேரத்துல பேசுற மாதிரி" என்பார். அவருக்கு அந்த வீட்டில் ஓர் இடம் இருந்தது.

சனிக்கிழமை புதியதில் போனார்கள். பழையதில் இறங்கி நின்று, கொக்கிகளை விடுவித்து, விரல் நசுங்காமல் கூரையை மடக்குவது பெரும்பாடு. இதில் ஒரு பொத்தான் போதும். கூரை தானாக மடிந்து பின்னால் போய்ப் படுத்துக்கொள்கிறது. பழையது வளைவில் முரண்டு பிடிக்கும். இது ஸ்டியரிங்கை நினைத்தாலே திரும்பியது. "புது மாப்பிள்ளை மாதிரி எல்லாத்துக்கும் தலையாட்டுது" என்று சிரித்தார். மரங்கள் வானத்தோடு சேர்ந்து மேலே ஓடின. இலை நிழல்கள் மனைவியின் மடியில் விழுந்து விழுந்து நழுவின. எல்லாம் சரி. ஆனால் குகைப்பாதையில் அந்தக் குரல் பக்கத்துத் தெருவில் யாரோ பேசுவதுபோல் வந்து போனது. மனம் உடைந்துவிட்டார்.

அன்றே பத்திரிகை ஆசிரியரைப் போனில் பிடித்தார். "'புதிய தலைமுறை குரலைத் தொலைத்துவிட்டது'. எழுதிக்குங்க."

"சார், நெத்தியடி! தலைப்பே இதான்" என்றார் ஆசிரியர்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் பழையதை எடுத்தார்கள். சாலை முழுக்கப் பனி. முன்கண்ணாடிக்கு அப்பால் உலகம் இன்னும் முடிவாகாததுபோல் இருந்தது. வெறுங்கால் பாதத்தில் எஞ்சினின் நடுக்கம் மெல்ல ஏறியது. குகைப்பாதையின் வாயில் கியரைக் குறைத்து, காலை அழுத்தி, காத்திருந்தார். இதிலும் அதே பக்கத்துத் தெருக் குரல். டாக்டர் சைலன்சரை மாற்றிவிட்டாரா என்று எரிச்சலோடு மனைவி பக்கம் திரும்பினார். அவள் இரண்டு கைகளாலும் காதை இறுகப் பொத்தியிருந்தாள்.

வெளியே வந்ததும் ஓரமாக நிறுத்தினார்.

"ஏன் காதைப் பொத்திக்கிட்ட?"

"பின்ன? இந்தச் சத்தத்துக்குப் பொத்தாம?"

"நேத்து, புதுசுல?"

"அதுலயும்தான். அது இதைவிட மோசம். நெஞ்சே அதிருது."

எஞ்சினை அணைத்தார். பனிக்குள் பறவைகள் கத்திக்கொண்டிருக்க வேண்டிய நேரம். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஊமை வண்டிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்தில் வந்து நின்றன.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"காலிங் பெல் அடிச்சாக்கூட எழுந்திருக்கிறதில்ல நீங்க. ரெண்டு தடவை சொன்னேங்க. உங்க காதுல விழலை."

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றுபோனது.

"இந்தக் காது போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்மா? எனக்கு வேற என்ன தெரியும்?"

"நாளைக்குக் காது டாக்டரைப் போய்ப் பாப்போம். இப்பவே எதுக்கு மூஞ்சியைத் தொங்கப் போடுறீங்க?" என்று அவர் தோளைத் தட்டினாள்.

போனை எடுத்தார். தூங்கிக்கொண்டிருந்த ஆசிரியர் பதறி எழுந்தார்.

"அந்தத் தலைப்பை எடுத்துடுங்க."

"ஏன் சார்? அருமையான வரி!"

"வண்டி மேல தப்பு இல்ல. என் காதுல கோளாறு."

"அப்ப என்ன சார் எழுதப் போறீங்க?"

"இன்னொரு தடவை போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்."

வண்டியைத் திருப்பினார். குகைப்பாதை பனிக்குள் கறுப்பாக வாயைத் திறந்துகொண்டு வந்தது. கியர் பிடியின் மேல் இருந்த அவர் கையின்மீது அவள் தன் கையை வைத்தாள். உள்ளே நுழைந்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள், ஆனால் இந்தத் தடவை காதைப் பொத்தவில்லை. அவள் விரல்கள் அவர் புறங்கையில் மெதுவாகத் தட்டத் தொடங்கின. எஞ்சின் ஏற ஏறத் தட்டலும் வேகம் பிடித்தது. உச்சத்துக்குப் போனதும் அவள் கையை அழுத்தினாள். அவர் கியரை மாற்றினார்.