ஜப்பான் ஸ்டேஷனும் எங்கள் பச்சை வயரும்

தெஹியோவிட்டவில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடை முகப்பில் போன் திருத்திக்கொண்டிருந்த காலம். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எதைத் தொட்டாலும் கெட்டுவிடுமோ என்று பயம். முதலாளி கொழும்பிலிருந்து, ஈயத்தை உருக்கி ஒட்டும் சோல்டரிங் ஸ்டேஷன் ஒன்று வாங்கி வந்த பிறகு பயத்துக்குக் காரணமும் கிடைத்தது. அதில் ஈயம் வைத்த இரண்டு போன்கள் அடுத்தடுத்துச் செத்துப்போயின. ஈரக் காலோடு நின்று அதன் முனையைச் சூடேறுமுன் தொட்டால் விரலில் சுருக்கென்றது.

அந்த நேரம் பார்த்து, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் அக்கா ஒருவர் சார்ஜ் ஏறாத போனைக் கொண்டுவந்தார். குவைத்தில் வேலை செய்யும் மகள் வெள்ளிக்கிழமைகளில் அதில்தான் பேசுவாள்.

"கொன்னுப்புடாத தம்பி. அவ பேசலைன்னா எனக்குச் சோறு எறங்காது."

போனைத் தொடவில்லை. ஸ்டேஷனைத் தூக்கிக்கொண்டு அவிசாவளைக்கு பஸ் ஏறினேன். அங்கே என் வயதுச் சிங்கள நண்பன் ஒருவனிடம் அசல் ஜப்பான் ஸ்டேஷன் இருந்தது. பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள். தொழிற்சாலைகளில் நாள் முழுக்க ஈயம் வைப்பவர்களுக்காக ஜப்பானில் வடிவமைத்ததாம். எங்களுடையதைச் சீனாக்காரன் திருகாணி ஓட்டைவரை அதைப் பார்த்து அடித்திருக்கிறான் என்று நண்பன் சிரித்தான்.

இரண்டையும் திறந்தோம். கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்பும் பச்சை ஏர்த் வயர் அசலில் முனையிலிருந்து பிளக்வரை ஓடியது. நகலிலும் அப்படியே ஓடி, பிளக் அருகே வெட்டுப்பட்டு நின்றது; கசிந்ததெல்லாம் போனுக்கும் என் விரலுக்கும் போயிருக்கிறது. வெட்டியது எங்கள் கடைதான். வெளிநாட்டு பிளக்கை நறுக்கிவிட்டு இரண்டு பின் பிளக் போட்டு, சுவரில் மேல் ஓட்டைக்குள் பேனாவைக் குத்தி, மூடியிருக்கும் கீழ் ஓட்டைகளைத் திறந்து செருகுவதுதானே எங்கள் வழக்கம்.

"பய வென்ன எப்பா மல்லி," என்றான். பயப்படாதே தம்பி என்று சொன்னால் பயம் போய்விடுமா?

மூன்று பின் பிளக் போட்டுக் கொடுத்தான்; மேல் ஓட்டைக்குள் போகும் பின்தான் ஏர்த்துக்கு. "மேல் ஓட்ட பேனா குத்தத்தான்னுல்ல நெனச்சிருந்தேன்," என்றார் கடையில் அதைக் கேட்ட முதலாளி. சுவருக்குள்ளும் ஏர்த் இல்லையென்றால் என்ன செய்வது என்று நச்சரித்தேன். மின்வேலைக்காரர் வந்து பார்த்தார், இல்லைதான். கடைக்குப் பின்னால் ஈர மண்ணில் கம்பி இறக்கி வயர் இழுத்தார். முனையைத் தொட்டேன். சும்மா இருந்தது.

அக்காவின் போனில் சார்ஜ் துளை மாற்றினேன். பேட்டரிக் கோடுகள் ஏறின. அக்காவுக்கு அது போதவில்லை. வெள்ளிக்கிழமை கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் வேலை ஓடாமல் பக்கத்தில் நின்றேன். போன் மணி அடித்தது.

மகளிடம் எல்லாம் பேசிவிட்டுக் கடைசியாகச் சொன்னார்: "திருத்துன தம்பி இங்கதான் நிக்குது. மொகத்தப் பாத்தா அதுதான் குவைத்துல மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு."