நகத்தளவு சென்சர்

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயங்களில், தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில், கல்யாணமோ ஞானஸ்நானமோ, ஆறு வருஷமாகப் படம் எடுத்தவள் அகஸ்டினா. பிறகு அவளுக்கு நேர்ந்ததற்கு யார் காரணம் என்று என்னைக் கேட்டால் ஒரு ஆளைச் சொல்ல மாட்டேன், ஊரையே சொல்வேன்.

இனிக் கொழுந்துக் கூடையைத் தொடுவதில்லை என்று மாதாவுக்கு முன்னால் சொல்லிவிட்டுக் கேமராவைத் தூக்கியவள் அவள். அதை விற்றவர் பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பழைய கேமராக் கடை வைத்திருக்கும் புஹாரி. சும்மா விற்கவில்லை, பாடமும் நடத்தினார்.

"தங்கச்சி, இத செஞ்சவன் சின்னக் கம்பெனிக்காரன். படம் விழுற சில்லு, அதான் சென்சர், அத அதே அளவுல வச்சுப் பெரிய கம்பெனிகளோட மோதினா நசுங்கிப் போவோம்னு அவனுக்குத் தெரியும். அதான் சென்சர நகத்தளவுக்குச் சுருக்கிட்டான். சென்சர் சின்னதுன்னா லென்ஸும் சின்னது, தூக்கிட்டு மலையேறலாம். இன்னொருத்தன் எல்லாரையும் விடப் பெரிய சென்சர் போட்டுப் பொழைக்கிறான். பெரியவங்க நிக்கிற எடத்துல மட்டும் போய் நிக்கக் கூடாது."

அது அவளுக்கு அப்படியே பொருந்தியது. டவுன் ஸ்டூடியோக்காரர்கள் மலையேறி லயத்துக்கு வரமாட்டார்கள். அவளோ உள்ளங்கை அகலக் கேமராவில் அகல லென்ஸை மாட்டி, பத்தடி லயத்து அறையான காம்பராவின் மூலையில் ஒட்டிக்கொண்டு, மாமன் மச்சான் ஒருவர் விடாமல் படத்துக்குள் கொண்டுவந்துவிடுவாள். வெளிச்சம் குறைந்தால் படத்தில் கொஞ்சம் புள்ளி புள்ளியாகப் பொடி தட்டும். யாரும் அதைக் குறை சொன்னதில்லை.

முதலில் குறை சொன்னவன் தினுஷன். பதுளையில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பம், அவனுக்கு ஸ்டூடியோ. ஒரு கல்யாணத்தில் பெண் வீட்டுக்கு அகஸ்டினா, மாப்பிள்ளை வீட்டுக்கு அவன். மண்டபமே பார்க்க அவள் கேமராவை வாங்கி, லென்ஸைக் கழற்றி, உள்ளே இருந்த சென்சரைச் சுற்றிக் காட்டினான். "பாருங்க, இவ்வளவுதான். இதுல பொண்ணு விழாது, தோடுதான் விழும்."

சபை சிரித்தது. அவள் புருஷன் ஜூட்டும் சிரித்தான். அவன் சிரித்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"ஊரே சிரிக்குது. வித்துட்டுப் பெருசா ஒன்னு எடு," என்றான் ஜூட் வீட்டில். எடுத்தாள். சின்னக் கேமராவையும் அதன் லென்ஸ்களையும் புஹாரியிடம் கொடுத்துவிட்டு, தினுஷனுடையதைப் போலப் பெரிய சென்சர் கேமரா ஒன்றை வாங்கினாள். ஒரே ஒரு லென்ஸ்தான் கட்டுப்படியானது. தூரத்தில் நிற்பவரைக் கிட்டே இழுக்கும் லென்ஸ் அது. "அகலமானது இல்லாம லயத்துக்குள்ள என்ன செய்வீங்க?" என்று கேட்டார் புஹாரி. ரோஷம் அவள் காதை அடைத்திருந்தது.

லயத்தில் சுவரோடு சுவராக முதுகை ஒட்டினாலும் ஒரு மூக்கும் பாதித் தாலியும்தான் விழுந்தன. டவுன் மண்டபத்தில் அந்தக் கேமரா பிரமாதமாக வேலை செய்யும். டவுனில் இவளை எந்த மகராசன் கூப்பிடப் போகிறான்? நாலே மாதத்தில் வேலை நின்றது. மறுபடியும் கூடைதானா என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் அவள் தம்பி அந்தோனிமுத்துவின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் வந்தது. அத்தைக்காரியை விட்டால் வேறு யார் எடுப்பது என்று பெரிய பையோடு போனாள். காம்பராவுக்குள் தினுஷனிடம் வேலை பார்க்கும் நிலுக்ஷி நின்றிருந்தாள். அவள் கையில் அகஸ்டினா விற்ற சின்னக் கேமரா. வாரில் கட்டியிருந்த அந்தோனியார் பதக்கம்கூட அப்படியே தொங்கியது.

"இது எங்க கெடச்சிச்சு?"

"எங்க தினுஷன் சேர் புஹாரி கடையில வாங்கினாருங்க அக்கா. லயத்து வேலைக்கு இதவிட நல்லது இல்லன்னாரு. யாரோ வெவரம் கெட்டதுங்க வித்துட்டுப் போயிருக்குங்க."

அகஸ்டினா தம்பியைப் பார்த்தாள். அவன் பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டே, "ஒன் கேமராவுல புள்ள மூக்கு மட்டுந்தானே அக்கா விழும்," என்றான்.

நிலுக்ஷி மூலையில் ஒட்டிக்கொண்டாள், அகஸ்டினா வழக்கமாக நிற்கும் அதே மூலையில். கேமராவைக் கண்ணுக்கு எடுத்தவள் இறக்கினாள். "எடம் பத்தலங்க. ஒருத்தர் கூடுதலா இருக்காங்க."

"அக்கா, நீ கொஞ்சம் வெளிய நில்லு," என்றான் தம்பி.

வெளியே நமுனுகுல மலைப் பக்கமிருந்து மழை இறங்கிக்கொண்டிருந்தது. பையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வாசலில் ஒதுங்கி நின்றாள். உள்ளே அவள் கேமரா சொடுக்கத் தொடங்கிச் சட்டென்று நின்றது.

"அக்கா, கதவ மறைக்காதீங்க," என்றாள் நிலுக்ஷி. "புள்ள மொகத்துல வெளிச்சம் விழல."

அகஸ்டினா இன்னும் நாலடி தள்ளி, மழையில் போய் நின்றாள்.